அவசர மூச்சுப்பாதை மேலாண்மைப் பயிற்சி

அவசர மூச்சுப்பாதை மேலாண்மை என்பது, தானாக மூச்சுவிட இயலாத அல்லது மூச்சுப்பாதை அடைபடும் நிலையில் உள்ள நோயாளிக்கு உடனடியாகக் காற்று செல்லும் வழியை ஏற்படுத்தி, அதைப் பாதுகாக்கும் மருத்துவச் செயல்முறைகளின் தொகுப்பு ஆகும். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் நெகிழிக் குழாய் ஒன்றைச் செலுத்துவது இதன் முதன்மையான செயல்முறை. பேச்சுவழக்கில் இதனை 'டியூப் போடுவது' என்பர். வென்டிலேட்டர் எனப்படும் செயற்கை சுவாசக் கருவியில் நோயாளியை இணைப்பதற்கு முன் பெரும்பாலும் இது செய்யப்படுகிறது.

அறுவை அரங்கில் திட்டமிட்டுச் செய்யும்போது இது மிகவும் பாதுகாப்பானது. தீவிர சிகிச்சைப் பிரிவிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ இதே செயல் உயிருக்கு ஆபத்தானதாக மாறக்கூடும். எனவே இதைச் செய்யும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் ஆகியோருக்கு எவ்வாறு பயிற்சி அளிப்பது என்பது தனித் துறையாகவே வளர்ந்துள்ளது.

மூச்சுப்பாதையின் அமைப்பு

மூக்கிலும் வாயிலும் நுழையும் காற்று தொண்டையைக் கடந்து குரல்வளையை அடைகிறது. குரல்வளையின் உள்ளே உள்ள இரண்டு குரல்நாண்களுக்கு இடைப்பட்ட சிறு திறப்புதான் மூச்சுக்குழலின் வாயில். அதற்கு நேர் பின்புறம் உணவுக்குழல் தொடங்குகிறது. உணவு விழுங்கப்படும்போது குரல்வளை மூடி என்னும் இலை போன்ற குருத்தெலும்பு அந்த வாயிலை மறைத்துக்கொள்கிறது.

மயக்கமுற்றவரிடம் இந்த ஒழுங்கு குலைகிறது. நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கும். வாந்தியும் உமிழ்நீரும் நுரையீரலுக்குள் இறங்கும். குழாய் செலுத்தும் மருத்துவர் லாரிங்கோஸ்கோப் என்ற குரல்வளைநோக்கியால் நாக்கை விலக்கிக் குரல்நாண்களைப் பார்க்கிறார். அவற்றினூடே குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் உள்ள சிறு காற்றுப்பையை ஊதி நிலைநிறுத்துகிறார். வாயில்கள் இரண்டும் அருகருகே இருப்பதால் குழாய் தவறி உணவுக்குழலுக்குள் போவதும் உண்டு. அது உடனே கண்டறியப்படாவிட்டால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்பட்டு இறப்பு நேரும்.

நேரக் கணக்கு

குழாய் செலுத்துவதற்காக மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்கப்பட்ட பின் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். குழாய் உள்ளே போகும் வரை அவர் நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே உயிர்வாழ வேண்டும். அந்த இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம்.

நலமுள்ள ஒருவர் இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் சுமார் 2,500 மில்லிலிட்டர் காற்று இருக்கும். அதில் 21 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 525 மில்லிலிட்டர், ஆக்சிஜன். ஓய்வில் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. ஆகவே இருப்பு சுமார் 2 நிமிடங்களுக்குப் போதும். முகமூடி வழியாகச் சில நிமிடங்கள் தூய ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலின் 90 விழுக்காட்டை அதனால் நிரப்பினால் இருப்பு 2,250 மில்லிலிட்டராக உயரும். கணக்குப்படி 9 நிமிடங்கள். நடைமுறையில் நலமுள்ளவரிடம் சுமார் 8 நிமிடங்கள் கிடைக்கும்.

இதே கணக்கைக் கடும் நிமோனியா நோயாளிக்குப் போட்டுப் பார்க்கலாம். சளியும் நீரும் நிறைந்த நுரையீரலில் காற்று தங்கும் இடம் 1,000 மில்லிலிட்டராகக் குறைந்திருப்பதாகவும், காய்ச்சலால் ஆக்சிஜன் தேவை நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டராக உயர்ந்திருப்பதாகவும் கொள்வோம். தூய ஆக்சிஜன் கொடுத்த பிறகும் 900-ஐ 400-ஆல் வகுத்தால் இரண்டே கால் நிமிடம்தான். நோயுற்ற நுரையீரல் இருக்கும் ஆக்சிஜனையும் முழுமையாக இரத்தத்துக்கு மாற்றாது என்பதால், உண்மையில் கிடைக்கும் நேரம் இதிலும் குறைவு.

மூச்சுப்பாதையின் வடிவம் எளிதாகவே இருந்தாலும் உடல்நிலையால் ஏற்படும் இத்தகைய இடரை உடலியங்கியல் கடினம் என்பர். தாழ்ந்த இரத்த அழுத்தம் இன்னொரு காரணம். மயக்க மருந்து அதை மேலும் தாழ்த்தி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலம் கூடியவர் வேகமாக மூச்சுவிட்டே அந்த அமிலத்தைக் கட்டுப்படுத்துகிறார். அவருடைய மூச்சை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் நிலைமை கைமீறலாம்.

வரலாறு

1943-இல் இங்கிலாந்தின் இராபர்ட் மெக்கின்டாஷ் வடிவமைத்த வளைந்த அலகுடைய குரல்வளைநோக்கி இன்றளவும் பயன்பாட்டில் உள்ளது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தச் செய்தார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுவே எனக் கருதப்படுகிறது. மாணவர்களுக்கு முறையாகக் கற்றுத்தந்தால் அவர்களாலும் உயிர்காக்க முடியும் என்பதற்கும் இது சான்று.

1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், மருத்துவர் பீட்டர் சாபர் போன்றோரின் ஆலோசனையுடன் உயிர்மீட்புப் பயிற்சிக்கான மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். 1980-களில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற ஆங்கிலேய மருத்துவர் குரல்வளையின் மேல் அமர்த்தப்படும் முகமூடிக் குழாயை அறிமுகப்படுத்தினார். மூச்சுக்குழலுக்குள் குழாய் போக மறுக்கும்போது இது கைகொடுக்கிறது.

இத்துறையில் இந்தியர் ஒருவரின் பெயர் உலகெங்கும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, நோயாளியை வாய் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்ளே தெரியும் பகுதிகளைக் கொண்டு குழாய் செலுத்துவதன் கடினத்தை முன்கணிக்கும் முறையை 1985-இல் வெளியிட்டார். பின்னர் நான்கு வகுப்புகளாக விரிக்கப்பட்ட அது 'மல்லம்பட்டி வகைப்பாடு' எனப்படுகிறது. ஆனால் நினைவிழந்தவரை நாக்கை நீட்டச் சொல்ல முடியாது. தீவிர நோயாளிக்குத் தனி அணுகுமுறை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுகள் காட்டுவது

2021-இல் வெளியான இன்டியூப் என்ற பன்னாட்டு ஆய்வு, 29 நாடுகளில் 2,964 தீவிர நோயாளிகளுக்குக் குழாய் செலுத்தப்பட்டதைக் கவனித்தது. அவர்களில் 45.2 விழுக்காட்டினருக்குப் பெரிய பாதகம் ஒன்றேனும் நேர்ந்தது. இரத்த அழுத்தச் சரிவு முதலிய இரத்த ஓட்டக் குலைவு 42.6 விழுக்காட்டினருக்கும், கடும் ஆக்சிஜன் குறைவு 9.3 விழுக்காட்டினருக்கும், இதயத் துடிப்பு நின்றுபோதல் 3.1 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன.

பாதகங்களைக் குறைக்க முடியும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

1. பிரான்சில் 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பத்துச் செயல்கள் அடங்கிய ஒழுங்குமுறையைப் பின்பற்றத் தொடங்கிய பின், உயிருக்கு ஆபத்தான பாதகங்கள் 34 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தன.
2. அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஆய்வில், காணொளிக் குரல்வளைநோக்கியைப் பயன்படுத்தியபோது முதல் முயற்சியிலேயே வெற்றி 85.1 விழுக்காடு; வழக்கமான கருவியில் 70.8 விழுக்காடு.
3. 2024-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், இறுக்கமான முகமூடி வழியாக அழுத்தத்துடன் ஆக்சிஜன் கொடுத்து ஆயத்தம் செய்தபோது ஆக்சிஜன் குறைவு 9.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே நேர்ந்தது. வழக்கமான ஆக்சிஜன் முகமூடியில் அது 18.5 விழுக்காடு.

இந்தியாவின் வழிகாட்டுதல்

அனைத்திந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016-இல் வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய மயக்கவியல் இதழில் வெளியிட்டது. பெரியவர்கள், குழந்தைகள், மகப்பேறு, குழாய் அகற்றல் ஆகியவற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கெனத் தனி நெறிமுறையும் அதில் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர் ஷீலா நைனன் மியாத்ரா அதன் முதன்மை ஆசிரியர். மூச்சுப்பாதையை மட்டும் பார்க்காமல் இரத்த அழுத்தம், ஆக்சிஜன், நரம்பு நிலை ஆகியவற்றையும் ஒருசேரக் கவனிக்கும் செயல்தொகுப்பு தேவை என அது வலியுறுத்துகிறது.

பயிற்சிகளில் கற்பிக்கப்படும் பொது வரிசை இது:

1. ஆயத்தம்: கருவிகள், மருந்துகள், சளி உறிஞ்சி, மாற்றுக் கருவிகள் ஆகியவற்றைச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படித்து உறுதி செய்தல்.
2. பங்கீடு: குழாய் செலுத்துபவர், மருந்து கொடுப்பவர், திரையைக் கவனித்து அளவுகளைச் சொல்பவர், குழுத் தலைவர் எனப் பொறுப்புகளைப் பிரித்தல்.
3. ஆக்சிஜன் நிரப்புதல்: தலைமாட்டை உயர்த்தி முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்தல், குழாய் செலுத்தும்போதும் மூக்கு வழியாக ஆக்சிஜனைத் தொடர்தல்.
4. இரத்த அழுத்தத்தைத் தாங்குதல்: நரம்பு வழித் திரவமும் அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் கையிருப்பில் இருத்தல்.
5. குழாய் செலுத்துதல்: முயற்சிகளுக்கு எல்லை வகுத்து, எல்லை தாண்டினால் அடுத்த வழிக்கு மாறுதல்.
6. உறுதிப்படுத்துதல்: வெளிமூச்சில் கரியமில வாயு தொடர்ந்து வருவதைக் கேப்னோகிராப் திரையில் காணுதல்.
7. மீட்பு: குரல்வளை முகமூடி அல்லது முகமூடியும் பையும், அவையும் பயனளிக்காவிட்டால் கழுத்தின் முன்புறம் குரல்வளைக்குக் கீழுள்ள மெல்லிய சவ்வைத் திறந்து குழாய் செலுத்துதல்.

ஆறாவது படி விட்டுவிடவே கூடாதது. பிரிட்டனில் 2011-இல் வெளியான தேசியத் தணிக்கை அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்பு அல்லது மூளைப் பாதிப்புகளில் 74 விழுக்காட்டில் கேப்னோகிராப் பயன்படுத்தப்படாமையும் ஒரு காரணமாக இருந்ததெனக் கண்டது. மார்பு அசைவதையும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியையும் மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. திரையில் கரியமில வாயுவின் அலை தொடர்ந்து வரவில்லை என்றால், குழாய் தவறான இடத்தில் இருப்பதாகவே முதலில் கொள்ள வேண்டும் என்று பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள்.

நம் பகுதிக்குரிய இரண்டு சூழல்கள்

வேளாண் மாவட்டங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டு வகை நோயாளிகளுக்கு மூச்சுப்பாதைத் திறன் நேரடியாக உயிர் காக்கிறது.

முதலாவது, பூச்சிமருந்து நஞ்சு. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தை உட்கொண்டவருக்கு உமிழ்நீரும் நுரையீரல் சளியும் பெருக்கெடுத்து மூச்சை அடைக்கும். அட்ரோபின் ஊசி அதைக் கட்டுப்படுத்துகிறது. முதல் நாள் தேறிவிட்டதாகத் தோன்றுபவருக்கும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகள் தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகலாம். மூச்சுத் தசைகளும் தளரப்போவதற்கான முன்னறிகுறி அது. சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்வு மருந்து வழக்கமாகச் சில நிமிடங்களே வேலை செய்யும். அதைச் சிதைக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடுவதால், இவர்களிடம் அதன் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கக்கூடும். எனவே மாற்று மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாவது, கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்துறங்குபவர்களை இப்பாம்பு கடிப்பது அதிகம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. முதலில் இமைகள் சரியும். பிறகு விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். கண்ணைத் திறக்கவோ விரலை அசைக்கவோ முடியாமல், கண்மணியும் விரிந்து கிடக்கும் நோயாளியை, மூளை செயலிழந்தவர் என்று தவறாகக் கருதும் ஆபத்து உண்டு. உண்மையில் அவருக்கு நினைவு இருக்கலாம். சுற்றி நின்று பேசுவது காதில் விழலாம். வாதம் முற்றிய பின் நச்சுமுறிவு மருந்தால் மட்டும் அதை உடனே மாற்ற முடியாது. சரியான நேரத்தில் குழாய் செலுத்திச் சில நாட்கள் செயற்கை சுவாசம் கொடுத்தால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறி வீடு திரும்புவர்.

பயிற்சியின் படிநிலைகள்

பாடமும் பொம்மையும்: உடற்கூறும் மருந்துகளும் கற்பிக்கப்பட்ட பின் பொம்மையில் பழகுவர். பொம்மையின் தொண்டையில் சளியோ இரத்தமோ இல்லை. அதன் ஆக்சிஜன் அளவு சரிவதும் இல்லை. கைப்பழக்கத்துக்கு மட்டுமே அது போதும்.

அறுவை அரங்கு: மயக்கவியல் மருத்துவரின் மேற்பார்வையில், திட்டமிட்ட அறுவைக்கு வந்த நோயாளிகளிடம் பழகுவது அடுத்த படி. முதல் இரண்டு முயற்சிகளுக்குள் 90 விழுக்காடு வெற்றி பெற, குறைந்தது 50 முறையேனும் குழாய் செலுத்தியிருக்க வேண்டும் என்று 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. அதுவும் திட்டமிட்ட, நெருக்கடியற்ற சூழலுக்கான எண்ணிக்கை.

ஆட்டு மூச்சுக்குழல்: கழுத்தைத் திறந்து குழாய் செலுத்தும் செயல் மிக அரிதாகவே தேவைப்படும். பல மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் அதைச் செய்ய நேராமலே ஓய்வு பெறுகின்றனர். ஆனால் தேவைப்படும்போது ஓரிரு நிமிடங்களில் செய்தாக வேண்டும். இந்தியப் பயிலரங்குகளில் கறிக்கடையில் வாங்கிய ஆட்டு மூச்சுக்குழலை வைத்து இதைப் பழகுவது வழக்கம். செலவு குறைவு, திசுவின் உறுதியும் மனிதருடையதை ஒத்திருக்கும்.

பாவனைப் பயிற்சி: குழு முழுவதும் சேர்ந்து, ஆக்சிஜன் சரியும் ஒலியோடு, கற்பனையான நோயாளி ஒருவரைக் கையாளும். முடிந்ததும் நடந்ததைக் குழுவாக அமர்ந்து ஆராய்வர். யார் குற்றவாளி என்பது அங்கே கேள்வி அல்ல. எந்த நொடியில் எது தெரிந்தது, யார் அதைச் சொன்னார், யாருக்குக் கேட்டது என்பவையே கேள்விகள்.

பேசும் துணிவு

2005-இல் இங்கிலாந்தில் எலைன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண், சிறிய மூக்கறை அறுவைக்காக மயக்க மருந்து பெற்றபோது மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவமிக்க மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் குழாய் செலுத்த முயன்றனர். நேரம் கடப்பதை அவர்கள் உணரவில்லை. கழுத்தைத் திறப்பதற்கான கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்து வைத்தும் அவை பயன்படுத்தப்படவில்லை. சில நாட்களில் எலைன் இறந்தார். விமானியான அவர் கணவர் மார்ட்டின் பிரோமிலி, விமானத் துறையில் குழுப் பேச்சுக்கென இருக்கும் பயிற்சி மருத்துவத்திலும் வேண்டும் என வலியுறுத்தி 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நம் மருத்துவமனைகளில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. பெரிய மருத்துவரிடம் பயிற்சி மருத்துவரோ செவிலியரோ "சார், இது மூன்றாவது முயற்சி, ஆக்சிஜன் எண்பது" என்று சொல்லத் தயங்குவது இயல்பு. எனவே பயிற்சியில் அது மரியாதைக் குறைவாகக் கருதப்படாமல், ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட கடமையாகவே ஆக்கப்படுகிறது. சொல்ல வேண்டியவர் யார், எந்த அளவில் சொல்ல வேண்டும் என்பது தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது. கடினத்தை முன்கணிக்கும் மக்கோச்சா மதிப்பெண் முறையில் உள்ள ஏழு கூறுகளில் ஒன்று, குழாய் செலுத்துபவர் மயக்கவியல் பயிற்சி பெற்றவரா என்பது. நோயாளியின் ஆபத்தை அளக்கும்போது மருத்துவரின் பயிற்சியையும் சேர்த்தே அளக்கிறது அந்த முறை.

தமிழ்நாட்டின் நிலை

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008-இல் தொடங்கியது. அவசர மருத்துவம் 2009-இல் இந்திய மருத்துவக் கழகத்தால் தனி மேற்படிப்பாக ஏற்கப்பட்டது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பின் கீழ் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம்பிரிக்கப்படுகின்றனர். மூச்சுப்பாதை ஆபத்தில் உள்ளவர் சிவப்புப் பகுதிக்குச் செல்வார். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது.

இளநிலை மருத்துவப் படிப்பில் 2019 முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டமும் திறன் ஆய்வகமும் நடைமுறைக்கு வந்துள்ளன. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பயிற்சி மருத்துவர்கள் மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சையில் இரண்டு வாரங்களும், அவசர சிகிச்சையில் இரண்டு வாரங்களும் பணியாற்ற வேண்டும். மேலே கூறிய 50 என்ற எண்ணிக்கையை இதனுடன் ஒப்பிட்டால் இடைவெளி புரியும். இரண்டு வாரங்களில் ஒருவருக்கு 50 வாய்ப்புகள் கிடைப்பது அரிது. ஆனால் அடுத்த ஆண்டே அவர் வட்டார மருத்துவமனையில் இரவுப் பணியில் தனியாக நிற்கக்கூடும்.

திருச்சிராப்பள்ளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அனுப்பப்படுகின்றனர். பொன்மலையில் தென்னக இரயில்வேயின் கோட்ட மருத்துவமனை இயங்குகிறது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மூச்சு தளர்ந்துவரும் பாம்புக்கடி நோயாளியை அப்படியே ஊர்தியில் ஏற்றுவதா, குழாய் செலுத்திவிட்டு ஏற்றுவதா என்பதை அனுப்பும் இடத்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஓடும் ஊர்தியில் குழாய் செலுத்துவது மிகக் கடினம். ஆகவே இப்பயிற்சி பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடக் கூடாது. நோயாளி முதலில் போய்ச் சேரும் மருத்துவமனைக்கே அது முதலில் தேவை.

குழாய் செலுத்தப் போதிய பயிற்சி இல்லாதவருக்கும் செய்யத்தக்கது உண்டு. தாடையை முன்னுயர்த்தி, முகமூடியை இறுக்கிப் பிடித்து, பையை அழுத்திக் காற்று செலுத்துவதே அது. இரண்டு கைகளால் ஒருவர் முகமூடியைப் பிடிக்க மற்றவர் பையை அழுத்துவது எளிதும் பயனுள்ளதுமாகும். ஆக்சிஜன் கிடைக்காமல்தான் நோயாளி இறக்கிறார், குழாய் இல்லாமல் அல்ல என்பதே பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தருவது.

பொதுமக்கள் அறிய வேண்டியவை

- நினைவிழந்து மூச்சுவிடுபவரை, கழுத்தில் அடிபட்ட ஐயம் இல்லாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் நாக்கும் வாந்தியும் மூச்சை அடைக்கும்.
- மயக்கத்தில் உள்ளவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றக் கூடாது.
- மூச்சின்றிக் கிடப்பவருக்கு 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.
- பூச்சிமருந்து உட்கொண்டவரை வாந்தியெடுக்க வைக்க முயலக் கூடாது. மருந்துப் புட்டியை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.
- இரவில் தரையில் படுத்தவருக்குக் காரணமின்றி இமை சரிந்தாலோ விழுங்க முடியாமல் போனாலோ, கடித்த தடம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- 'டியூப் போட வேண்டும்' என்று மருத்துவர் கூறுவது முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள்படாது. கட்டுவிரியன் கடி, பூச்சிமருந்து நஞ்சு போன்றவற்றில் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நாட்களைக் கடக்க உதவுவதே அந்தக் குழாயின் வேலை.